குளிர்காலத்தில் இமயமலையில் தனியாக நெடுந்தூரம் நடக்கலாமா?

கோடையில் மார்க்கா பள்ளத்தாக்கு, ஹம்ப்டா கணவாய் போன்ற வழிகளில் குழுவோடு நடந்து பழகிய ஒருவர், வரும் ஜனவரியில் லடாக்கிலிருந்து ஜான்ஸ்கர் வழியாக வழிகாட்டியும் சுமைதூக்கியும் இல்லாமல் தனியாக இரண்டு மூன்று வாரம் நடக்க விரும்புவதாகவும், அது முடியுமா, முடியுமென்றால் எப்படித் தயாராக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். முடியும், அப்படிப்பட்ட நடைகளை முடித்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரும் ஜனவரியில் வேண்டாம், உறைந்த ஜான்ஸ்கர் ஆற்றின் மேல் தனியாக எந்த ஜனவரியிலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அந்தக் காரணங்களுக்குள்ளேயே தயாரிப்பின் முறையும் இருக்கிறது.

கோடை நடைக்கும் குளிர்கால நடைக்கும் உள்ள வேறுபாடு குளிரின் அளவு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். குளிரைப் பெரும்பாலும் நல்ல உடையால் சமாளித்துவிடலாம். பணம் செலவழித்தால் மைனஸ் 30 டிகிரியைத் தாங்கும் உறக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) கிடைக்கும். சமாளிக்க முடியாதது, ஒரு சிறு பிசகைச் சரிசெய்யக் கிடைக்கும் நேரம் சுருங்கிப்போவது. ஜூலையில் ஓடையில் கால் நனைந்தால் காலுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு நடந்துவிடலாம். ஜனவரியில் மைனஸ் 20 டிகிரியில் நனைந்த கால் விரைவில் மரத்துப்போகும். துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் கூடாரம் அடிக்க, இன்னொருவர் அடுப்பு மூட்ட, நனைந்தவர் தன் பாதங்களை மூன்றாமவரின் வயிற்றில் வைத்துச் சூடேற்றிக்கொள்ளலாம். தனியாக இருப்பவர் இவை அனைத்தையும் விறைத்த விரல்களோடு தானே செய்ய வேண்டும். ஆகவே, இன்னொருவருடைய கை தேவைப்படும் நிலைமை எங்கேயும் வராதபடி பயணத்தை அமைக்க முடியுமா என்பதே தனிநடைத் தயாரிப்பின் அடிப்படைக் கேள்வி. வழி, சுமை, உணவு, உறக்கம், திரும்பும் நாள் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த முன்மாதிரி ஆர்லண்ட் பார்த்தலோமியூ. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சியரா நெவாடா மலைத்தொடரின் உச்சிப் பகுதியை ஒட்டி, 1928 கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கி 1929 ஏப்ரல் தொடக்கம் வரை, பனிச்சறுக்குக் கட்டைகளில் தன்னந்தனியாகச் சுமார் 480 கிலோமீட்டர் கடந்து யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இறங்கினார். இடையில், 1929 ஜனவரி 10 அன்று, 4,400 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள விட்னி சிகரத்தில் ஏறினார்; அந்தச் சிகரத்தில் குளிர்காலத்தில் மனிதர் ஏறியது அதுவே முதல்முறை. அன்று செயற்கைக்கோள் இல்லை, ஹெலிகாப்டர் மீட்பு இல்லை, இன்றைய இலகுவான துணிகளும் இல்லை. ஆனால் அவர் சியராவின் ஓடை நீரையும் பனியின் ஆழத்தையும் அளக்கும் பணியில் இருந்தவர். எந்தச் சரிவில் எப்போது பனி கனக்கும், எந்த ஓடை எங்கே மூடும் என்பதைப் பல குளிர்காலங்களில் கண்ணால் பார்த்தவர். பயணத்துக்கு முந்தைய மாதங்களிலேயே, பனி விழுவதற்கு முன், வழிநெடுக பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் உணவைக் கொண்டுபோய்ப் பதுக்கி வைத்தார். அவருடைய துணிச்சலைப் புகழ்பவர்கள் இந்தப் பதுக்கலை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் குளிர்கால நடையின் பாதி வேலை அந்தக் கோடையிலேயே முடிந்துவிட்டது.

உணவைப் பதுக்குவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் புரியும். குளிரில் நாள் முழுவதும் சுமையோடு நடப்பவருக்கு நாளொன்றுக்கு 4,000 முதல் 5,000 கலோரி தேவை. எவ்வளவு உலர்ந்த, கொழுப்பு மிகுந்த உணவாகத் தேர்ந்தெடுத்தாலும் அது ஏறக்குறைய ஒரு கிலோ எடை வரும். பதினைந்து நாளுக்குப் பதினைந்து கிலோ. அதன்மேல் எரிபொருள், கூடாரம், கனத்த உறக்கப்பை, அடுப்பு, மாற்று உடை ஆகியவை சேர்ந்தால் முதுகில் 35 கிலோவைத் தாண்டும். குழுவில் கூடாரமும் அடுப்பும் மூவருக்குப் பொது. தனியாளுக்கு அவை முழுவதும் சொந்தச் சுமை. 35 கிலோவோடு முழங்கால் அளவு பனியில் நடப்பவர் ஒரு நாளில் ஐந்தாறு கிலோமீட்டர்கூடக் கடக்காமல் போகலாம். பயண நாள் நீள, உணவு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். இந்தச் சுழலிலிருந்து வெளியேறும் வழிகள் மூன்று: சமதளமான இடங்களில் இழுவைச் சறுக்குப் பலகையில் சுமையை இழுப்பது, வழியில் முன்கூட்டியே உணவை வைப்பது, அல்லது குறுகிய இடைவெளியில் ஊர்கள் இருக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது. லடாக்கில் மூன்றாவது வழி இயல்பாகவே கிடைக்கிறது. கோடையில் ஒருமுறை அதே வழியில் நடந்து, தங்கப்போகும் வீட்டாரிடம் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காசு கொடுத்துச் சொல்லி வைத்துவிட்டு வந்தால், ஜனவரியில் முதுகுச் சுமை பாதியாகும்; நீங்கள் வர வேண்டிய நாளில் வரவில்லை என்பதைக் கவனிக்கும் ஒரு வீடும் வழியில் இருக்கும்.

எரிபொருளைப் பெரும்பாலானோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஓடைகள் உறைந்துவிட்டால் குடிநீருக்குப் பனியை உருக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் அளவு பனியைப் பூஜ்ய டிகிரியில் வெறுமனே உருக்குவதற்குச் செலவாகும் வெப்பம், வீட்டில் 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்துக்குச் சமம். அதன் பிறகுதான் அந்த நீர் சூடாகவே தொடங்கும். ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் நான்கைந்து லிட்டர் வேண்டுமென்றால் 200 முதல் 250 மில்லி திரவ எரிபொருள் போய்விடும். மாலையில் இரண்டு மணி நேரம் அடுப்பின் அருகிலேயே கழியும். வெறும் பாத்திரத்தில் பனியை நிரப்பி அடுப்பில் வைத்தால் அடியில் உருகிய சிறிதளவு நீரை மேலுள்ள பனி உறிஞ்சிக்கொள்ள, பாத்திரத்தின் அடி காய்ந்து கருகி, நீரில் கருகல் வாடை ஏறும். ஆகவே முந்தைய நாளின் நீரில் ஒரு குவளையை எப்போதும் மிச்சம் வைத்து, அதைச் சூடாக்கி, அதில் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அந்தக் குவளை நீர் இரவில் உறையாமலிருக்கக் குடுவையை உறக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

கேஸ் குப்பிகளை நம்ப வேண்டாம். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதித்து ஆவியாவதில்லை. ஐசோபியூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் 12 டிகிரிக்கு அருகில். கலவையிலுள்ள புரொப்பேன் முதலில் எரிந்து தீர்ந்துவிட, குப்பியில் பாதி திரவம் இருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். லடாக்கில் ஊர்களில் கிடைக்கக்கூடியது மண்ணெண்ணெய். அதற்கேற்ற பம்ப் அடுப்பை முன்சூடு செய்து பற்றவைக்கும் பழக்கம் இருட்டில், கையுறையோடு, தடுமாறாமல் வரும்வரை வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி செய்யுங்கள். அந்த அடுப்பின் ரப்பர் வளையங்களும் முனைத் துளையைச் சுத்தம் செய்யும் ஊசியும் இரண்டு தொகுதிகள் இருக்க வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதில் மயங்குபவரை வெளியே இழுத்துப் போட ஆள் இல்லை என்பதால், குளிர் எவ்வளவு உள்ளே வந்தாலும் கூடாரத்தின் மேல் காற்றுத் துளையும் வாசலும் திறந்தே இருக்க வேண்டும்.

உறக்கப்பையில் நாள்தோறும் சேரும் ஈரம் பல நாள் நடையில் மட்டுமே தெரியும் ஆபத்து. உறங்கும்போது உடலிலிருந்து கசியும் ஈரம் பையின் வெளி அடுக்கில், உறைநிலை தொடங்கும் இடத்தில், பனித்துகளாகப் படிகிறது. முதல் இரவில் ஒன்றும் தெரியாது. நாட்கள் செல்லச் செல்லப் பை கனக்கும், உள்ளே நிரப்பிய இறகு கட்டிதட்டும், மைனஸ் 30 என்று அச்சிட்டிருக்கும் பை மைனஸ் 15-லேயே நடுங்கவைக்கும். இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன: ஈரம் ஊடுருவாத மெல்லிய உள்ளுறைக்குள் படுப்பது, அல்லது இறகுப் பையின் மேல் செயற்கைப் பஞ்சு நிரப்பிய இன்னொரு பையைப் போர்த்தி, ஈரம் அதில் படியுமாறு செய்வது. லடாக்கின் காற்று மிக வறண்டது. நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் பையைப் பாறை மேல் விரித்துப் போட்டால் படிந்த பனி நேராக ஆவியாகிப் போய்விடும். ஜனவரியில் பகல் சுமார் பத்து மணி நேரமே என்றாலும் அந்த ஒரு மணி நேரத்தை நடைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இனி ஜான்ஸ்கர் ஆறு. நிம்மு அருகே சிந்துவில் கலக்கும் இந்த ஆறு, ஆழமான செங்குத்துப் பள்ளத்தின் வழியே ஓடுகிறது. கணவாய்கள் பனியால் அடைபட்ட மாதங்களில் அதன் உறைந்த மேற்பரப்பே பல தலைமுறைகளாக ஜான்ஸ்கர் மக்களின் சாலையாக இருந்தது. வெண்ணெய் விற்க லடாக்கின் முக்கிய நகரான லேவுக்குப் போனவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற பெற்றோர்களும் கூட்டமாகவே போனார்கள். கரையோரக் குகைகளில் தங்கினார்கள். அந்த ஆற்றை உலகில் யாரையும்விட நன்றாக அறிந்தவர்கள் துணையோடு சென்ற வழி அது. தனியாகப் போக வேண்டாம் என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் தேடவில்லை.

ஆற்றின் உறைபனி நேற்று இருந்தபடி இன்று இருக்காது. மேகமற்ற கடுங்குளிர் இரவில் அது தடிக்கும். மேகம் மூடிய இரவில் வெப்பம் தங்கிவிட, இளகும். மிதந்து வரும் பனிக்கட்டிகள் குறுகலான இடத்தில் அடைத்துக்கொண்டால் நீர் உயர்ந்து, உறைந்த பரப்பின் மேலேயே முழங்கால் அளவுக்குப் பாயும். மேலே நடக்கத்தக்கதாகத் தெரியும் புதுப் பனிப் படலம் அந்த நீரின் மீது உறைந்த ஒரு விரல் தடிமனான மேலோடாக இருக்கலாம். முன்னே செல்பவர் கம்பால் தட்டித் தட்டி ஓசை கேட்டு நடக்கிறார். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து வைக்கிறார். வெளிநாட்டு மலைக்காலணிகளை விட ரப்பர் கம்பூட்டுகளே அங்கே பலருக்கும் உகந்தவையாக இருக்கின்றன. முன்னே செல்பவர் உள்ளே விழுந்தால் பின்னே வருபவர் இழுத்தெடுப்பார். ஒருவர் மட்டும் நடக்கும்போது இந்த முறை முழுவதும் பொருளிழக்கிறது. 2014 டிசம்பர் 31 அன்று மேலே துணையாற்றின் பள்ளத்தாக்கில் புக்தல் மடாலயப் பகுதியில் மலை சரிந்து நீரை அடைத்ததால், அந்தப் பருவத்தில் இந்த நடை தடைசெய்யப்பட்டது. தேங்கிய நீர் அடுத்த மே மாதம் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. இன்று மருத்துவப் பரிசோதனை, லேவில் தங்கி உடலைப் பழக்குதல், பதிவுபெற்ற ஏற்பாட்டாளர் மூலம் செல்லுதல் ஆகியவற்றை நிர்வாகம் கட்டாயமாக்கியுள்ளது. நிம்முவிலிருந்து ஜான்ஸ்கரின் முக்கிய ஊரான பதும் வழியாக இமாச்சலப் பிரதேசத்திலுள்ள தார்ச்சா வரையிலான சாலையும் 2024 மார்ச்சில் இணைக்கப்பட்டுவிட்டதால், ஆற்றின் மேல் நடந்தே ஆக வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது.

ஆற்றைத் தவிர்த்துக் கணவாய்கள் வழியே போகலாமே என்று தோன்றும். அங்கே பனிச்சரிவு காத்திருக்கிறது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வில் நிகழ்கின்றன. லடாக்கின் உட்பகுதியில் பனிப்பொழிவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது தவறு. மெல்லிய பனியின் அடிப்பகுதி, தரைக்கும் காற்றுக்கும் உள்ள பெரிய வெப்ப வேறுபாட்டால், ஒன்றோடொன்று ஒட்டாத ரவை போன்ற மணிகளாக மாறிவிடுகிறது. அதன் மேல் மேற்கத்தியக் காற்றுச் சலனம் கொண்டுவரும் புதுப் பனி ஒரு பலகையாகப் படிந்து, ஒருவர் கால் வைத்ததும் மொத்தமாக நழுவும். புதையுண்டவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார்; அரை மணி கடந்தால் பெரும்பாலும் பிழைக்கமாட்டார். புதையுண்டவர் இருக்குமிடத்தைக் காட்ட உடலில் கட்டிக்கொள்ளும் தேடல் அலைபரப்பிக் கருவி விலையுயர்ந்தது, பயனுள்ளது, ஆனால் அதன் ஒலியைக் கேட்டுத் தோண்ட இன்னொருவர் வேண்டும். ஆகவே தனியாகச் செல்பவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்தச் சரிவில் கால் வைக்காமலிருப்பது. சாய்வை அளக்கும் சிறு கருவியை வைத்திருங்கள். 30 டிகிரிக்கு மேல் பனி படிந்த சரிவைக் கடக்காமல் வழி இல்லையென்றால் அந்த வழி உங்களுக்கானது அல்ல. பனி பெய்து முடிந்த பிறகு குறைந்தது இரண்டு நாள் அசையாமல் இருக்கும் அளவுக்கு உணவில் மிச்சம் வேண்டும்.

ஜப்பானியரான நவோமி உவெமுராவின் முடிவை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1978-ல் வட துருவத்துக்குத் தனியாகச் சென்றடைந்தவர். குளிரில் தனியாக வாழ்வதில் அவரளவு அனுபவம் பெற்றவர்கள் மிகச் சிலரே. 1984 பிப்ரவரி 12 அன்று, தம் 43-ஆவது பிறந்தநாளில், அலாஸ்காவின் டெனாலி சிகரத்தில் குளிர்காலத்தில் முதன்முதலாகத் தனியாக ஏறினார். பனிப்பிளவில் விழுந்தால் இழுக்க ஆளில்லை என்பதற்காக நீண்ட மூங்கில் கழிகளைத் தம் உடலோடு கட்டிக்கொண்டு நடந்தார். பிளவின் இரு விளிம்புகளிலும் கழி தங்கி அவரைத் தாங்கும் என்பது ஏற்பாடு. 1988-ல் அதே சிகரத்தில் குளிர்காலத்தில் தனியாக ஏறி உயிரோடு இறங்கிய வெர்ன் டேஜஸ் ஓர் அலுமினிய ஏணியை அதே நோக்கத்துக்குப் பயன்படுத்தினார். துணைவரின் கயிறு செய்யும் வேலையை ஒரு கழியிடம் ஒப்படைத்த அந்தச் சிந்தனைதான் தனிநடையின் சாரம். உவெமுரா மறுநாள் கையிலிருந்த வானொலித் தொடர்புக் கருவியில் பேசியதோடு சரி. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. உச்சியை அடைந்தவர்கள் இறங்கும்போது, மிச்சமிருக்கும் வலிமை மிகக் குறைந்திருக்கும்போது, தவறுகிறார்கள். ஆகவே திரும்பும் நேரத்தை உச்சியில் அல்ல, புறப்படும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.

உயரமும் குளிரும் முதலில் தாக்குவது தீர்மானிக்கும் மூளையையே என்பது தனியாளுக்கு இன்னொரு இடர். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து தாழ்வெப்பத்துக்கு ஆளாகிறவர் தடுமாறுவார், உளறுவார், பிறகு நடுக்கம் நின்று தமக்கு ஒன்றுமில்லை என்று நம்புவார். உயரத்தால் மூளை வீங்கும்போது நேர்கோட்டில் குதிகாலுக்கு முன் விரல் வைத்து நடக்க முடியாது. அதையும் களைப்பு என்றே அவர் நினைத்துக்கொள்வார். விமானத்தில் ஒரே நாளில் 3,500 மீட்டரிலுள்ள லேவுக்கு வருபவர் குறைந்தது மூன்று நாள் அங்கே ஓய்ந்திருந்து, 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத் தீர்மானியுங்கள். தெளிவோடு இருக்கும்போதே ஒரு அட்டையில் எழுதி மார்புப் பையில் வையுங்கள்: நேர்கோட்டில் நடக்க முடியாவிட்டால் இறங்கு, இரண்டு வேளை உணவு இறங்காவிட்டால் இறங்கு, காலையில் விரல்நுனிக்கு உணர்வு வராவிட்டால் இறங்கு. உறைந்த பாதத்தைத் தேய்க்கக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சூடேற்றுவதுதான் முறை. ஆனால் மீண்டும் உறைய வாய்ப்பிருந்தால் சூடேற்றவே கூடாது, ஏனெனில் உறைந்த பாதத்தோடு ஊர்வரை நடந்து வர முடியும். இளக்கிய பாதத்தோடு முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை குறையவில்லையென்றால், குறையக் கூடாது என்றே நானும் விரும்புகிறேன், தொடங்கத் தகுந்த இடம் லேவுக்கு மேற்கேயுள்ள ஷாம் பகுதி. லிகிர், யாங்தங், ஹெமிஸ் சுக்பாச்சன், தெமிஸ்கம் என்று ஒவ்வொரு நாள் நடையிலும் ஓர் ஊர் வரும். கணவாய்கள் 4,000 மீட்டருக்குக் கீழே. மாலையில் புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார ஒரு வீடு கிடைக்கும். அங்கே வீட்டில் படுக்காமல் அதன் முற்றத்தில் கூடாரம் அடித்துப் படுத்துப் பாருங்கள். அடுப்பு பற்றாவிட்டால் கதவு பத்தடி தூரத்தில் இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் ஜிங்சென் வழியாக ரும்பக் சென்று, பனிச்சிறுத்தை பார்க்க வருபவர்களுக்காகத் திறந்திருக்கும் வீடுகளை ஆதாரமாக வைத்து, மேலே ஒன்றிரண்டு இரவுகள் தனியாகத் தங்கிப் பழகுங்கள். அங்கிருந்து கந்தா லா கணவாய் ஏறி மார்க்கா பள்ளத்தாக்கில் இறங்கும் வழி 4,900 மீட்டரைத் தொடும். நீங்கள் கோடையில் நடந்த மண்ணையே பனிக்காலத்தில் படிக்க அது நல்ல இடம், ஆனால் முதல் முறை உள்ளூர்வாசி ஒருவரோடு.

தகவல் தொடர்பு பற்றிய ஒரு சட்டச் செய்தியையும் அறிந்திருக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கைக்கருவிகளைக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகளும் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். பிற மாநில ப்ரீபெய்டு சிம்கள் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், அதுவும் ஊர்களை விட்டு விலகினால் கிடைக்காது. ஆகவே உங்களுக்குள்ள உண்மையான அவசர ஏற்பாடு, புறப்படும் முன் லேவில் பொறுப்பான ஒருவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் கொடுத்துவிட்டுச் செல்லும் ஒரு தாள்தான். எந்த நாள் எந்த ஊர், வழி மாறினால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள், கூடாரத்தின் நிறம், கையிலுள்ள உணவு எத்தனை நாளுக்கு, எந்த நாள் எந்த மணிக்குள் உங்கள் அழைப்பு வராவிட்டால் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்தக் கெடுவை நெருக்கமாக வைக்காதீர்கள். பனி இரண்டு நாள் உங்களை நிறுத்தினாலும் பதறாத அளவுக்கு இடைவெளி விட்டு, பெற்றுக்கொள்பவரிடம் அதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.